ரலிட்சாவின் இரங்கல் நோட்டீஸ்

லோம் நகரத்தில் செத்துப்போகிறவர்கள் எல்லோரும் கடைசியில் என் கடைக்குத்தான் வருவார்கள். இரங்கல் நோட்டீஸ் அடிப்பது நான். வீட்டு வாசற்கதவில் ஒரு தாள், பஸ் நிறுத்தத்தில் ஒன்று, வேலை பார்த்த இடத்தில் ஒன்று. படத்தில் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுத்தால் குடும்பத்துக்குத் திருப்தி.

அந்த ஜூலையில் அரசாங்கக் கணினியிலிருந்து மக்கள் விவரமெல்லாம் களவு போனது. பெயர், பதிவு எண், முகவரி, சம்பளம் எல்லாம் இணையத்தில் கிடந்தன. முதல் நாள் தொலைக்காட்சி பதறியது. இரண்டாம் நாள் அந்தக் கோப்பில் ஒரு பாடகி அகப்பட்டாள். பள்ளிக்கூடம் பெருக்குகிறவளைவிடக் குறைவாக வருமானம் காட்டியிருந்தாள். வீட்டிலோ நீச்சல் குளம். அவ்வளவுதான், நாடே அந்தக் குளத்தில் குதித்துவிட்டது. அமைச்சர் நிம்மதியாக லீவில் போனார். எங்கள் ஊரும் யோக்கியமில்லை. பல் டாக்டரின் சம்பளப் பக்கத்தை மட்டும் பதினோரு பேர் என்னிடம் அச்செடுத்துப் போனார்கள். நானும் வெட்கமில்லாமல் எடுத்துக் கொடுத்தேன்.

ரலிட்சா வந்தது அந்த வாரம்தான். எதிர்த்த ரொட்டிக் கடையில், உள்ளே அடுப்படியில் வேலை செய்கிறவள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள்.

"அண்ணே, ஒரு நோட்டீஸ் அடிக்கணும்."

"ஐயோ, யாரும்மா?"

"நான்தான்."

"என்னிக்கு?" என்று கேட்டுவிட்டேன். தொழில் பழக்கம்.

"போன வெள்ளிக்கிழமைன்னு போடுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன், நாட்டின் மறுகோடியிலுள்ள பர்காஸில் புருஷன் பிளாமென் அவள் தாடையை உடைத்திருக்கிறான். யாரிடமும் சொல்லாமல் நாட்டின் இந்த மூலைக்கு ஓடி வந்திருக்கிறாள். இப்போது அவள் கதவு எண் வரைக்கும் அந்தக் கோப்பில் இருந்தது.

"போலீஸுக்குப் போகலியா?"

"போனேன். அவன் வந்தா போன் பண்ணுன்னாங்க. அரசாங்க உதவி எண்ணுக்கும் அடிச்சேன். யாருக்கும் ஆபத்து இல்லன்னு ஒரு பொண்ணு எழுதி வச்சதைப் படிக்குது. டிவியில பாத்தீங்களா? குளத்துல எத்தனை டைல்ஸுன்னுகூட எண்ணிட்டாங்க."

"உயிரோட இருக்கிறவளுக்கு அடிச்சா விளங்குமா?"

"அவன் வந்தா மட்டும் விளங்குமா?"

அடித்துக் கொடுத்தேன். தான் குடியிருந்த கட்டடத்தின் கதவில் அவளே ஒட்டினாள். அங்கே மூன்று பெண்களுக்கு விஷயம் தெரியும். எதற்கும் வாயை மூடாதவர்கள், இதற்கு மூடிக்கொண்டார்கள்.

நோட்டீஸில் போட்ட தேதியிலிருந்து பன்னிரண்டாம் நாள் மதியம், ஒருவன் என் கடைக்குள் வந்தான். கையில் எதிர்க்கடையின் சீஸ் வைத்த பனிட்சா ரொட்டி, பாதி தின்றது. அவள் சுட்டதாகத்தான் இருக்கும்.

"ரலிட்சா நோட்டீஸ்ல உங்க கடைப் பேரு இருந்துச்சு. நான் அவ புருஷன். எப்படிப் போனா?"

"மாரடைப்புன்னு சொன்னாங்க."

"எங்க புதைச்சாங்க?"

அதை நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. "தலைநகர் சோபியாவுல எரிச்சதா கேள்வி" என்றேன்.

நம்பிவிட்டான். காகிதத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் அழக்கூடச் செய்தான்.

"நாப்பதாம் நாளுக்கு ஒண்ணு அடிச்சு வைங்க. கீழ 'ஆறாத் துயரில் அன்புக் கணவன்'னு வரணும். நானே வந்து ஒட்டுறேன். அவ வீட்டையும் தெறந்து சாமானெல்லாம் எடுக்கணும்."

அவன் ஏறிய பஸ் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு எதிர்க்கடைக்கு ஓடினேன். ரலிட்சா மாவுக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கு" என்றாள்.

"வேற ஊர் போயிடும்மா. அங்க ஒரு வீட்டுக்கு நான் சொல்லி வைக்கிறேன்."

"போறேண்ணே. போற ஊர்லயும் முகவரியை அதே அரசாங்கக் கணினியில பதியணும்ல?"

"முப்பது நாளைக்குள்ள" என்றேன். அதைச் சொல்ல எனக்கு நாக்கூசியது.