உச்சியில் மஞ்சள்

நாத்தனார் அந்தப் படத்தைப் பலகையோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். கூடத்தின் நடுவே அவளுடைய தம்பி கிடந்தார். விடியும் நேரத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். வாசலில் வண்டி வந்து நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"எல்லாரும் பாருங்க. என் தம்பி கடைசியா வரைஞ்சது."

எரிமலை. அடிவாரத்தில் கருநீலப் பாறைகள், மேலே சாம்பல் வானம். உச்சியிலிருந்து சரிவு முழுக்க அழுக்கு மஞ்சள் திட்டுத் திட்டாக வழிந்திருந்தது.

"நெருப்பு!" என்றாள். "முப்பத்தஞ்சு வருஷமா வாயே திறக்கல. உள்ளுக்குள்ள எரிஞ்சதை எல்லாம் இப்படிக் கொட்டியிருக்கான்."

எரிய வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லிவைத்தாற்போல் எல்லாருடைய தலையும் அவர் மனைவி பக்கம் திரும்பியது.

மனைவிக்குச் சுருக்கென்றது. வாயாடி என்று பேரெடுத்தவள்தான். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்த மனுஷன் வரைந்தது பனி. அதை நெருப்பென்று சொல்லி அனுப்பிவைக்க இவள் யார்?

வாட்டர் கலரில் அவர் வெள்ளை பூசவே மாட்டார். காகிதத்தின் வெள்ளைதான் பனி. அந்த இடத்தை முதலில் ரப்பர் பசையால் மூடிவிட்டு, மேலே வண்ணத்தை ஓடவிடுவார். காய்ந்தால் பசை மஞ்சளாகிவிடும். எழுந்து உட்காரவே கூடாதென்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும், நேற்று சாயங்காலம் தலையணையில் சாய்ந்தபடி வானத்தை முடித்தார்.

"படுங்கன்னா கேக்கறீங்களா?" என்று கத்தினாள்.

"கத்து. கத்திக்கிட்டே தண்ணிய மாத்திக் குடு" என்றார். பிறகு, "காலையில பசையத் தேய்ச்சு எடுத்துடணும். விட்டா காகிதத்தைப் பிச்சுக்கிட்டு வந்துடும்."

மனைவி எழுந்தாள். "அண்ணி, அதைக் குடுங்க."

"எதுக்கு?"

"முடிக்கணும்."

பிடுங்காத குறையாக வாங்கித் தரையில் வைத்தாள். விரல் நுனியால் உச்சியைத் தேய்த்தாள்.

"ஐயோ, அழிக்கிறாளே! யாராவது கையப் பிடிங்களேன்!"

மகன் குனிந்தான். "அம்மா, வண்டிக்காரர் கூப்பிடறாரும்மா."

"நிக்கச் சொல்லு. நான் சொன்னதை உங்கப்பா ஒரு நாளும் கேட்டதில்ல. அவர் சொன்னதை நானாவது கேக்கறேன்."

பசை சுருண்டு நூல் நூலாக வந்தது. அடியில் பளீரென்று வெள்ளை. ஒரு சரிவு, அதை ஒட்டி இன்னொன்று. ஓரிடத்தில் காகிதம் லேசாக இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அழுத்தாமல் தேய்த்தாள். அப்போதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் வானம் கரைந்துவிடும் என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

நாத்தனார் மெல்ல எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

"பனி."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரிவின் ஓரத்தைச் சுட்டினாள். "இங்க கொஞ்சம் விட்டுட்டே."

"தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மனைவி பலகையை அவள் பக்கமாக நகர்த்தினாள்.