ஜெமிமாவின் பெயரில் இரண்டு கோடுகள்

ஒரே பனியாறு, ஒரே படம். அதன்மேல் ஜெமிமாவின் பெயரில் இரண்டு கோடுகள். ஒன்று நேற்று முன்தினம் அவள் போட்டது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றதை எந்தப் பாவி போட்டான்?

பொதுக் கணினியில் அதைப் பார்த்ததும் அவள் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். பனியாறு கீழே எங்கே முடிகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் கோடு போடுவது அந்தப் பயிற்சியில் பாதி வேலை. கடல் கரையை எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. ஹைதராபாத்தின் அந்தக் குளிரூட்டிய அறையில் பன்னிரண்டு இளம் விஞ்ஞானிகள் நாலு வாரமாகக் கண் எரிய எரிய இதைத்தான் செய்கிறார்கள். அவர்களில் இரண்டே பேருக்குத்தான் செப்டம்பரில் இமயமலைக்குப் போய் நிஜப் பனியில் கால்வைக்கும் பாக்கியம். பட்டியல் நாளைக்கு வருகிறது. இன்றைக்குப் பார்த்து, இருநூறு மீட்டர் தள்ளி ஒரு பொய்க் கோடு!

வினய்தான். வேறு யார்? பக்கத்து நாற்காலிக்காரன். புறநகர் ராமச்சந்திராபுரத்திலிருந்து அத்தனை தூரம் வருகிறவன், எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறான். தனியாக அந்த அறையில் அவனுக்கு என்ன வேலை? போன செவ்வாய்க்கிழமை அவள் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் மேசையருகே நின்றான். "சார்ஜர் எடுத்தேன்" என்றான். சார்ஜராம் சார்ஜர்!

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் நல்லதெல்லாம்கூடக் கெட்டதாகத் தெரியும். தன் டப்பாவிலிருந்து புளியோதரை கொடுத்தானே, அது எதற்கு? "உன் கோடு சூப்பர் ஜெமி" என்று எட்டிப் பார்த்தானே, அது வேவுதானே? இப்படியே மதியம்வரை அவள் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

போனில் எல்லாவற்றையும் சொன்னதும், செகந்திராபாத்திலிருந்து அம்மா டோரிஸ் கேட்டாள்: "ஏட்டி, அவன் போட்டதை நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கணுமாம்மா? இது தெரியாதாக்கும்?"

"பாக்காம ஒருத்தன் பேரைச் சொல்லாத. நக்கோ, வேண்டாம். ரெண்டு கோடு எப்படி வந்துச்சுன்னு மட்டும் சார்ட்ட கேளு, போதும்."

நல்ல யோசனை. அதை யார் கேட்டார்கள்?

பயிற்சிப் பொறுப்பாளர் சக்ரபாணியின் அறைக்குள் நுழைந்ததுமே கொட்டிவிட்டாள். "சார், வினய் என் லாகின்ல புகுந்து தப்பா கோடு போட்டிருக்கான். நான் மலைக்குப் போகக்கூடாதுன்னு."

சக்ரபாணி பேனாவை மூடி வைத்தார். வினயை வரச்சொன்னார். "இப்போ சொன்னதை இவன் எதிர்லயும் சொல்லும்மா."

சொன்னாள். சார்ஜர் கதையையும் சேர்த்தே சொன்னாள். வினயின் முகம் வெளுத்துப்போயிற்று. பார்த்தாயா, திருட்டு முழி என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சக்ரபாணி அலமாரியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். எந்தக் கோட்டைப் போட்டாலும், ஏன் அங்கே போட்டேன் என்று கையால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"இது?"

அதுவும் அவளுடையதுதான். முதல் வாரத்துத் தேதி.

"ஒரே படத்தை முதல் வாரம் ஏழாம் நம்பர்னு குடுத்தேன். இந்த வாரம் தலைகீழாத் திருப்பி, இருபத்திரண்டுன்னு குடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான், இன்னைக்குத்தான் ரெண்டையும் ஒரே படத்துல சேர்த்தேன். ஒருத்தர் கை எவ்வளவு மாறும்னு தெரிஞ்சாத்தானே பனி நிஜமா எவ்வளவு குறைஞ்சுதுன்னு சொல்ல முடியும்? அங்க பனியைக் கல்லு மூடிக்கிடக்கு, நுனி சரியாத் தெரியாது. இருநூறு மீட்டர் மாறினது தப்பே இல்லம்மா."

ஜெமிமாவின் காது இரண்டும் கொதித்தன. எவ்வளவு அசிங்கம்! "சாரி வினய்" என்றாள்.

"பட்டியல் போட்டாச்சு" என்றார் சக்ரபாணி. "நீயும் இவனும்தான்."

அப்போதுதான் வினய் பேசினான். "பனிமேல ரெண்டு பேரையும் ஒரே கயித்துலதானே சார் கட்டுவாங்க?"

"ஆமா. ஒருத்தர் பனி வெடிப்புல விழுந்தா மத்தவர் இழுத்துப் பிடிக்கணும்."

"அப்போ என் பேரை எடுத்துடுங்க சார். இவங்ககூட எனக்குப் பயமா இருக்கு."

நேற்றுவரை ஜெமி என்று கூப்பிட்டவன். அவள் சும்மா இருந்தாலே போதும், மலை அவளுக்குத்தான். எம்.எஸ்சி. படித்த காலத்திலிருந்து ஆசைப்பட்ட மலை. ஐயோ, எவ்வளவு ஆசை! மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் பேரை அடிச்சிடுங்க சார், அவன் போகட்டும்" என்றாள்.

யோசித்துச் சொல்லம்மா என்று ஒருதடவையாவது அவர் சொல்வார், அல்லது வினயாவது வேண்டாம் என்பான் என்று நினைத்தாள். யாரும் சொல்லவில்லை. சக்ரபாணி பேனாவைத் திறந்து அவள் பெயரை அடித்தார்.