பாஸின் அளவு

மடியில் ஈரத் துண்டை விரித்து, அதன்மேல் மீனைக் கிடத்தி, மூக்கிலிருந்து வால்வரை இஞ்ச் டேப்பைப் பிடித்தேன். இருபத்தொன்றரை. போன வருஷம் இருபதுதான். மேலுதட்டில் பழைய தூண்டில் கிழித்த வடு இருப்பதால் ஆள் மாறாட்டத்துக்கு வழியில்லை, அதே மீன்தான். தையல்காரனுக்கு எதைக் கண்டாலும் அளவெடுக்கத் தோன்றும். கடையை மூடிய பிறகும் கழுத்தில் டேப் தொங்குகிறது. அளவு கொடுக்கத்தான் ஆளில்லை.

குளக்கரையில் புழு விற்கிறவர் எட்டிப் பார்த்தார்.

"பெருசா வர்றதெல்லாம் பொட்டைங்கதான் சார். ஆணு ஒரு அளவோட நின்னுடும். கூட்டமா இருந்தா பொட்டையும் வளராது, இரை பத்தாது. இது ஒத்தையா திரியுது, அதான் இந்த உடம்பு."

ஒத்தையாக இருந்தால் உடம்பு வைக்குமாம். நல்ல கதை. மனைவி போன பிறகு என் பேண்ட்டுகளையெல்லாம் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன் நான். போதாததற்கு, இத்தனை நாள் 'அவரு, இவரு' என்று பேசிவந்த ஆள் ஒரு பெண்ணாம்.

மீனைத் திரும்பத் தண்ணீரில் இறக்கி, மூச்சு வரட்டும் என்று அடிவயிற்றில் கைகொடுத்துப் பிடித்திருந்தபோது ஃபோன் அடித்தது. மகள். இந்த லீவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் கட்டிலுக்குப் புது விரிப்புத் தைத்து, மடித்துக்கூட வைத்துவிட்டேன்.

"என்னப்பா, பாஸ் எப்படி இருக்காரு?"

இந்த வகை மீனுக்கே பாஸ் என்றுதான் பெயர். ஒருநாள் ஃபோனில், "பாஸைப் பார்த்தேன், நல்லா பெருத்துட்டாரு" என்றேன். யாரோ சினேகிதர் என்று நினைத்துக்கொண்டாள். பாதிப் பேர் மீதிப் பேரை பாஸ் என்றுதானே கூப்பிடுகிறார்கள். "சாப்பிட்டாரா?" என்றாள். "நான் குடுத்ததை ஒரே வாயில முழுங்கிட்டாரு" என்றேன். சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அதைப் போய் எப்படித் திருத்துவது? விட்டுவிட்டேன்.

"நல்லா இருக்காரும்மா."

"அப்பா, லீவுக்கு வரலாம்னுதான் இருந்தேன். மாமியாருக்கு முடியல, அங்க போகணும். உங்களுக்குத்தான் பாஸ் இருக்காரேன்னு ஒரு தைரியம். அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வரேன்."

"அதுக்கென்னம்மா" என்றேன். என் கையால் நானே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன்.

"பக்கத்துல இருக்காரா? குடுங்க, ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

வேறு வழி தெரியவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைத் தண்ணீருக்கு அருகே நீட்டினேன்.

"பாஸ் அங்கிள், அப்பாவைப் பார்த்துக்குங்க. கேட்டா ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வாரு. நம்பாதீங்க."

மீன் வாயைத் திறந்து மூடியது. வாலை ஒருதரம் அடித்துவிட்டு என் கையை விட்டுப் போனது.

"என்னப்பா, பேசவே மாட்டேங்கிறாரு?"

"கோவிச்சுக்காதம்மா. அவ பேச மாட்டா."

"அவளா?"

நாக்கில் சனி. புழுக்காரர் பார்க்கிறார் என்று ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் காதில் வைத்தேன். இன்னொரு பொய் வாய்வரை வந்தது. சொல்லத் தெம்பில்லை.

"அப்பா, யாரு அது?"

"மீனும்மா. இந்தக் குளத்துல இருக்கிற மீன். வேற யாரும் இல்ல."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எவ்வளவு பெருசுப்பா?" என்றாள்.

ஃபோனைப் பிடித்தபடியே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன், இவ்வளவு என்று. வலது கையில், காதுக்கு எட்டாத தூரத்தில், அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அளவு கலைந்துவிடும் என்று கைகளை அப்படியே வைத்திருந்தேன்.