இரண்டுக்கு ஒன்று

பாக்கு தீர்ந்துபோனது நூற்றிருபதாவது பையில். இன்னும் நூற்றெண்பது மஞ்சள் பைகள், ஒரு தேங்காயும் இரண்டு வெற்றிலையுமாய் வாயைப் பிளந்துகொண்டு தரையில் கிடந்தன. தாலி கட்டி, முதல் பந்தி எழுந்து, கை கழுவியவர்கள் தாம்பூலத்துக்காக வாசலில் நின்றார்கள். பெண்ணைப் பெற்ற தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் அக்காள் செங்கேணி ஓடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள், ஒரு வாரமாய் இதற்காகவே காத்திருந்தவள் போல.

“பாக்கு வாங்கினது யாரு?”

அவளுக்கா தெரியாது? எதிர்வீட்டு வேதகிரி வாத்தியார்தான். பைக்கு இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. படித்தவர் கணக்காய் வாங்குவார் என்று தாமோதரன் அவரிடம் விட்டிருந்தார். வாத்தியார் கணக்காய்த்தான் வாங்கினார். அறுநூறு வெற்றிலையைக் கடைக்காரர் சேட்டுவின் தராசில் போடச் சொன்னார். இரண்டு கிலோ. இரண்டுக்கு ஒன்று என்றால் பாக்கு ஒரு கிலோ. வெற்றிலையை நிறுத்துப் பார்த்த முதல் ஆளை உத்திரமேரூர் கடைத்தெரு அன்றுதான் கண்டது. சேட்டு அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தும் ஆயிற்று.

“இன்னா வாத்தியாரே, எண்ற சாமானப் போயி நிறுத்துக்கினு வந்துகிறியே! வெத்தல எங்க, பாக்கு எங்க? ஒரு கொட்டப்பாக்கு ரெண்டு மூணு வெத்தல கனம் கனக்குமே!” என்றாள் செங்கேணி. பந்தலே சிரித்தது.

வேதகிரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கையில் ஒரு காலிப் பையோடு அப்படியே நின்றார். அவமானத்தில் சிலையாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். விஷயம் அதுவல்ல.

அவர் விலங்கியல் வாத்தியார். தவளையை அறுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அறுப்பார். பள்ளியில் பிளஸ் டூ வந்து இரண்டாவது வருஷம், வேதியியல் வாத்தியார் தர்மபுரிக்கு மாற்றலாகிப் போக, “ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க” என்று ஹெட்மாஸ்டர் அந்தப் பாடத்தையும் இவர் தலையில் கட்டினார். ஆள் வரவில்லை. மோல் என்ற சொல்லைப் புத்தகத்தில் நாலு தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி புரிந்தது. இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு தண்ணீர். இரண்டும் ஒன்றும் மூன்றாகாமல் எப்படி மறுபடி இரண்டாகிறது என்று பாத்ரூமில்கூட யோசித்தார். கடைசியில் தமக்குப் பிடிபட்ட ஒன்றை மட்டும் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டார்: இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. நாலு கிராம் ஹைட்ரஜன் எரிய இரண்டு கிராம் ஆக்சிஜன். அப்படியே நடத்தினார்.

அரையாண்டுத் தேர்விலும் அதே கேள்வி, பத்து மார்க். முப்பத்தெட்டுப் பேர் இரண்டு என்று எழுதிப் பத்தையும் வாங்கினார்கள். ஞானசுந்தரி ஒருத்தி மட்டும் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தாள். ஏதோ நோட்ஸைப் பார்த்து உளறியிருக்கிறாள் என்று குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு. ஆறு மார்க் குறைந்து பெயிலாகிவிட்டாள். அவள் இருந்த மிஷன் ஆஸ்டலில் ஒரு பாடம் போனாலும் இடம் கிடையாது. சாலவாக்கத்துக்கும் உள்ளே, பஸ் போகாத ஊர் அவளுக்கு. ஆஸ்டல் போனால் படிப்பும் போயிற்று. இன்றைக்குத்தான் அவள் பெட்டியோடு கிளம்புகிறாள்.

எண்ணுகிற சாமான் என்றாளே செங்கேணி. புத்தகத்து இரண்டும் ஒன்றும் எண்ணிக்கை, எடை இல்லை. ஒரு ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் போல பதினாறு மடங்கு கனம். வேதகிரி காலிப் பையின் மேலேயே பேனாவால் போட்டுப் பார்த்தார். முப்பத்திரண்டு வந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை போட்டார். மறுபடியும் முப்பத்திரண்டு. பந்தியில் உட்காராமல் சைக்கிளை எடுத்தவரைப் பார்த்து, “பாக்கு வாங்கத்தான் போறாரு” என்று தாமோதரன் ஆறுதல் சொல்லிக்கொண்டார். பாவம்.

ஆஸ்டல் வாசலில் ஞானசுந்தரியின் அப்பா ஐசக், தகரப் பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அறுப்பு வேலையை விட்டுவிட்டு வந்தவர். வாத்தியாரைக் கண்டதும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது.

“ஐசக்கு, கொஞ்சம் நில்லு. பொண்ணு எழுதினதுதான் சரி. நான்தான் தப்பாத் திருத்திட்டேன்.”

ஐசக்குக்குப் புரியவில்லை. வாத்தியார் தப்பு செய்ததாய் எந்த வாத்தியாரும் அவரிடம் சொன்னதில்லை. “இன்னா சார் சொல்றீங்க? அப்ப புள்ள பாஸா?”

“பாஸுதான். நாளைக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்றேன்.”

ஞானசுந்தரி பெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுத முகம்தான், ஆனால் குரல் தெளிவாய் இருந்தது. “அப்ப மத்தவங்களுக்கு, சார்? நீங்க நடத்தினதத்தான எழுதினாங்க.”

வேதகிரிக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. முப்பத்திரண்டு சரியென்றால் இரண்டு தப்பு. முப்பத்தெட்டுப் பேருக்கும் பத்து போகவேண்டும். அதில் எத்தனை பேர் விழுவார்கள்? இதே ஆஸ்டலில் இரண்டு பெண்கள் அந்தப் பத்தில்தான் கரையேறியிருந்தார்கள். மார்க்கைக் கூட்டும்போதே பார்த்திருந்தார். இரண்டு பதிலும் சரி என்று போட்டால் ஹெட்மாஸ்டர் விடமாட்டார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் இந்தப் பெட்டி கிளம்பிவிடும். கணக்கு வந்துவிட்டது என்று ஓடி வந்தவருக்கு இப்போது எதுவுமே வரவில்லை.

“மொதல்ல ஒனக்கு...” என்று ஆரம்பித்தார்.

மாடி ஜன்னலில் அந்த இரண்டு பெண்களும் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். வாத்தியாரைக் கண்டதும் கைகூப்பி, ஒரே குரலில், “வணக்கம் சார்!” என்றார்கள்.

“சார், கட்டவா அவுக்கவா?” என்று கேட்டார் ஐசக். சாயப்போன பெட்டியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கயிற்றின் நுனியை வாத்தியாரிடம் நீட்டினார். “கொஞ்சம் புடிங்க.” வேதகிரி பிடித்துக்கொண்டார். கயிறு அவர் கையில் இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. ஜன்னலில் அந்த இரண்டு பெண்களும் இன்னும் கைகூப்பியபடியே நின்றிருந்தார்கள்.