ஞாயிறும் ஓடும் தறி

வேலை முடிந்து உடுப்பு மாற்றும் நேரத்தில் நான்கு தமிழரையும் டிரெக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றிக் கொடுத்தபோதே, இதில் ஏதோ இருக்கிறது என்று குகநாதனுக்கு விளங்கிவிட்டது. சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்திலிருந்த அந்த நெசவாலையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறான். டிரெக்டரின் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

டிரெக்டர் ஜெர்மன் மொழியான டொச்சில் நீளமாகக் கதைத்தார். நால்வரில் பாஷை தெரிந்த தவராஜா அதைச் சுருக்கித் தமிழில் சொன்னான்.

"இது சின்ன நாடாம் அண்ணை. ஜப்பான்காரன்ரை மிசின் ஞாயிறும் ஓடுதாம். இஞ்சை நிப்பாட்டினா எங்கடை துணியை வெளிநாட்டிலை ஒருத்தரும் வாங்கமாட்டினமாம். அதாலை அரசாங்கம் சட்டத்தை இளக்கி ஞாயிறு வேலைக்கு அனுமதி குடுத்திருக்காம். ஆனா வாற ஆக்கள் விரும்பி வரவேணுமாம்."

"அதுக்கேன் எங்களைக் கூப்பிட்டவர்? சுவிஸ்காரர் இல்லையோ?" என்றான் குகநாதன்.

"அவைக்கு ஞாயிறு சேர்ச். நாங்கள் சைவம்தானே, எங்களுக்கு அது வெறும் நாளாம்."

குகநாதனுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. அவன் விடியமுன் வேலைக்கு வெளிக்கிடும்போது மனைவி சந்திரமதி நித்திரை. அவன் திரும்பி வரும்போது அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருப்பாள். சனியிலும் அவளுக்கு வேலை. அவர்களுடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் அந்த வெறும் நாளில்தான் நடந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு விடுவாரோ? கேள்."

"கேக்கேலாது அண்ணை. உங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வேலையும் இல்லாட்டி திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். பேசாமல் ஓமெண்டு சொல்லுங்கோ."

குகநாதன் தானே அரைகுறை டொச்சில் கேட்டான். டிரெக்டர் சிரித்துவிட்டார். வெள்ளி சரக்கு ஏற்றும் நாள், அது நடக்காது என்றார். வெள்ளிக்கிழமையிலும் கோழிக்கால் கடிக்கிற குகநாதன் கடவுளுக்காக வாதாட வரவில்லைதான். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவனுக்குப் பொறுக்கவில்லை. கோப்பியைக் குடிக்காமல் மேசையில் வைத்தான்.

"நைன்," என்று டொச்சிலேயே மறுத்தான். ஞாயிறு என் மனைவியின் நாள் என்று தெரிந்த சொற்களை ஒட்டவைத்துச் சொன்னான்.

ஞாயிறு வராதவருக்குத் திங்கள் வேலை இருக்குமென்று உறுதி சொல்லமுடியாது என்றார் டிரெக்டர். அதைத் தவராஜா மொழிபெயர்க்கவேண்டி இருக்கவில்லை. மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

குகநாதன் நேரே முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சமையலறைப் பின்கதவில் நின்று சொன்னான். ஈரக்கையோடு கேட்டுக்கொண்டிருந்த சந்திரமதியின் முகம் இறுகியது.

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? திருப்பி அனுப்பினா நானும்தானே போகவேணும்."

"உம்மைக் கேக்கிறதெண்டா ஞாயிறு வரும்வரைக்கும் பொறுத்தெல்லோ இருக்கவேணும்."

அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளெனவே எழும்பி மீன் பொரித்தாள். சோறும் கறியும் கட்டினாள். கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையை உடுத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ."

"எங்கை?"

"உங்கடை ஆலைக்கு."

"என்ன, வேலைக்குப் போகச் சொல்லுறீரோ?"

அவள் முன்னே நடந்தாள். ஆலை வாசலுக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் ஆட்கள் குந்துவதற்கு ஒரு நீள மர வாங்கு இருந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் குந்தினாள். பார்சல்களை அவிழ்த்தாள். உள்ளே தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. சேர்ச்சிலிருந்து திரும்பிய சனம் மூக்கைத் தூக்கி, மீன் மணம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தது.

"இதிலை இருந்து சாப்பிடுவம். அந்தாளும் பாக்கட்டும்."

குகநாதன் சோற்றைக் குழைக்கத் தொடங்கியபோது வாசல் திறந்து டிரெக்டரின் கார் வெளியே வந்தது. வேகம் குறைந்து, அவர்களுக்கு நேரே நின்றது. கண்ணாடி இறங்கியது. டிரெக்டரைக் கண்டால் எழும்பி நின்றே பழகிய கால்கள் தாமாக நிமிரப் பார்த்தன. சந்திரமதி இடக்கையால் அவன் முழங்காலை அமத்தினாள்.

"இருங்கோ," என்றாள்.

காரைத் திரும்பிப் பார்க்காமலே பெரிய மீன் துண்டை எடுத்து அவனுடைய சோற்றில் வைத்தாள்.