மஃரிபுக்குத் திறந்துக்கங்க

என் கைக்கு ரிப்பேர் வேலை ஆகாது. சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியை விட்டுவிட்டு விரலை அடிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனைப் பிடித்துக் குழாய்க்கு முன்னால் உட்கார வைத்தது என் மனைவி இஃப்ஃபத்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகியது. தொழுகைக்கு முன்னால் வீட்டில் எல்லோரும் ஒளு செய்வது, அதாவது கைகால் முகம் கழுவுவது, அந்தக் குழாயில்தான். பிளம்பரைக் கூப்பிட்டால், "நாளைக்குக் காலைல வந்து நிக்கிறேன் பாய்" என்பான். எந்த நாளைக்கு என்று மட்டும் சொல்ல மாட்டான். சனிக்கிழமை காலை இஃப்ஃபத் டீ கிளாஸை ணங்கென்று வைத்தாள்.

"இவ்ளோ தண்ணி வீணாப் போவுதே, நாளைக்கு அல்லாகிட்ட யாரு பதில் சொல்றது? பிளம்பரா?"

"நான் என்ன பண்ண?"

"உங்களால முடியாதுன்னு சொல்லிடுங்க. விட்டுடறேன்."

சொல்லித் தொலைத்திருக்கலாம். பத்து வயது மகள் சானியா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். ரோஷம் வந்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழுந்து நிற்கும் பழைய இரும்புக் குழாய் அது. உச்சியில் பித்தளைத் திருகு. அதைக் கழற்றலாம் என்று ஒரு முறுக்கு முறுக்கினேன். திருகு அசையவில்லை, கீழே துருப்பிடித்திருந்த இரும்புதான் கையோடு வந்தது. கொல்லைக் குழாயின் வால்வை மூடிவிட்டுக் கடைக்கு ஓடினேன். கெட்டுப்போன துண்டை அறுத்துவிட்டு நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். திருகுக்குப் புது வாஷர் போட்டேன்.

ஒரு பச்சை வயர் மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் பழைய வீட்டில் எர்த் கிடையாது. வாஷிங் மெஷின் வாங்கியபோது மாட்ட வந்தவன் அதன் எர்த் வயரை இந்தக் குழாயில் சுற்றிவிட்டுப் போயிருந்தான். நானும் மறக்காமல் அதைத் திருகுக்குக் கீழே, பழைய இடத்திலேயே, இறுக்கிக் கட்டினேன். அப்படி ஒரு பொறுப்பு எனக்கு!

"பசை காயணும். சாயங்காலம் வரைக்கும் யாரும் குழாயைத் தொடக் கூடாது. மஃரிபுக்குத் திறந்துக்கங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு நோணாங்குப்பத்துக்குக் கிளம்பினேன். அங்கே படகுத்துறை வாசலில் தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்கிறேன்.

கூட்டம் குறைந்த பிறகு கன்னியப்பண்ணன் கடைக்கு வந்தார். படகு மோட்டார் மெக்கானிக். அவரிடம் பெருமை அடிக்காமல் வேறு யாரிடம் அடிப்பது? பச்சை வயர் வரைக்கும் விலாவாரியாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பாய், நடுவுல பிளாஸ்டிக்கா போட்ட?"

"ஆமாண்ணே. துருவே பிடிக்காது."

"அட பாவி! மெஷின்ல கசியற கரண்ட்டு இரும்பு வழியா மண்ணுல இறங்கிட்டிருந்திச்சி. நீ வழிய அடைச்சிட்ட. இனிமே அது அந்தத் திருகுலதான் நிக்கும். ஈரக் கையோட தொட்டா ஆளை விடாது. மெஷின் ஓடுதா இப்போ?"

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் மெஷின் ஓடாமல் இருக்காது. பள்ளிக்கூடத் துணி எல்லாம் அன்றைக்குத்தான். மணி ஐந்தரை. மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் இருபத்தைந்து நிமிடம். பாங்குச் சத்தம் கேட்டதும் அந்தக் குழாய்க்கு வெறுங்காலோடு ஓடுகிற முதல் ஆள் சானியா.

இஃப்ஃபத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கொல்லையில் நிற்பாள், மெஷின் இரைச்சலில் என்ன கேட்கும்? பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்கா நம்பர் என்னிடம் இல்லை. பத்து வருஷமாகப் பக்கத்து வீடு, ஒரு நம்பர் வாங்கி வைக்கத் துப்பில்லை.

"போய்யா, கடைய நான் பாத்துக்கறேன்!" என்று கன்னியப்பண்ணன் என்னைத் தள்ளினார். ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் அடைத்து நின்றன. இடது பக்கம் நுழைந்தேன், யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். முருங்கப்பாக்கத்தில் ஓரமாக நிறுத்தி மறுபடி போன் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யா அல்லா, என் கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ, அந்தப் பிள்ளையை விட்டுடு என்று வாய்விட்டுக் கேட்டேன். மரப்பாலம் சிக்னலில் சிவப்பு. நிற்கவில்லை. தெருமுனை திரும்பும்போது பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனையோ வருஷமாக மனசுக்கு நிம்மதி கொடுத்த சத்தம் அன்றைக்கு என் ஈரக்குலையை அறுத்தது.

வண்டியை அப்படியே கீழே போட்டேன். மெயின் சுவிட்ச் வாசலுக்கு உள்ளேயே இருக்கிறது. அடித்து இறக்கினேன். கொல்லையில் மெஷின் சத்தம் நின்றது. அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் வேறு சத்தமே இல்லை. "சானியா" என்று கூப்பிட வாய் எழவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது? கொல்லைக்குப் பத்தடிதான். அந்தப் பத்தடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குழாய்க்கு முன்னால் கவிழ்த்த வாளியின் மேல் சானியா முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஃப்ஃபத் டிரம்மிலிருந்து சொம்பில் மொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா அத்தா! வால்வைக்கூட யாரையும் தொட விடல. நீங்கதான் தொறக்கணும்."

"உங்க மவளுக்கு எம்மேல கோவம்" என்றாள் இஃப்ஃபத். "உங்களால முடியாதுன்னு நான் சொல்லிட்டேனாம். நீங்க வந்து தொறந்து எனக்குக் காட்டணுமாம். அதுவரைக்கும் டிரம்முத் தண்ணிதான். கரண்டு வேற போயிடுச்சி, பாருங்க."

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், வெட்கமே இல்லை. இஃப்ஃபத் பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வயரைச் சொன்னபோது அவள் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சானியாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சானியா என் மடியிலிருந்து எழுந்தாள். குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க சரி பண்ணலயா அத்தா?"

"இல்லம்மா. அத்தாவுக்குத் தெரியாது. தெரியாமத்தான் பண்ணேன்."

அவள் மெல்லப் போய் இஃப்ஃபத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.