ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது

ஆயிரம் ஹெர்ட்ஸ் சிக்னலை அனுப்பினால், என் சாஃப்ட்வேர் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது என்கிறது. கொஞ்சமும் கூசாமல் சொல்கிறது.

"கோளாறு உன் கார்டுலதான்" என்றேன் மனைவியிடம். எங்கள் லேபில் சிக்னலை வாங்கும் கார்டைச் செய்பவள் அவள். அளக்கும் சாஃப்ட்வேரை எழுதுபவன் நான். அவளுடைய புதுக் கார்டை அன்று காலையில்தான் பொருத்தியிருந்தோம்.

"நேத்து நாலு தடவை செக் பண்ணினேன். உங்க சாஃப்ட்வேரைப் பாருங்க."

"அதுல தப்பு இருந்தா என் மீசையை எடுத்துடறேன்!"

வாய்க்கொழுப்பு, வேறென்ன? கல்யாணமான ஏழு வருடமாக அந்த மீசையை ஒழிக்கக் காத்திருப்பவள் அவள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள். கேட்டுக்கொண்டார்கள், லேபில் இருந்த பாவிகள். பத்தொன்பது வயதிலிருந்து செல்லம் கொடுத்து வளர்த்த மீசை.

கேபிளை மாற்றினேன். அதே எண். சிக்னல் ஜெனரேட்டரை மாற்றினேன். அதே எண். இரண்டாயிரம் அனுப்பினால் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு. யாரோ நூற்றுக்கு எட்டு என்று கணக்காகக் கிள்ளுகிறார்கள். வேறு வழியின்றி, சாஃப்ட்வேரை வரி வரியாகப் படித்தேன். நாலாயிரத்துச் சொச்சமாவது வரியில் திருடன் அகப்பட்டான். பழைய கார்டு எப்போதும் கூட்டிக் காட்டும். அதைச் சரிக்கட்ட, விடையைக் குறைக்கும் ஒரு வரி. புதுக் கார்டு சரியாகத் தந்தும் அது குறைத்துக்கொண்டே இருக்கிறது!

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று துள்ளிக் குதித்தேன். "எவனோ ஒரு மடையன்! 'தற்காலிகம்தான், நாளைக்கு சரி பண்ணிடுவேன்'னு எழுதி வேற வச்சிருக்கான்!"

அவள் எட்டிப் பார்த்து, பக்கத்திலிருந்த தேதியையும் பெயரையும் உரக்கப் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. என் பெயர்.

சத்தமில்லாமல் அந்த வரியை அழித்திருந்தால் மீசை பிழைத்திருக்கும். கண்டுபிடித்த குஷியில் அது தோன்றினால்தானே! திரையில் ஆயிரம் வந்து நின்றபோது நானும்தான் சேர்ந்து கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சவரம் முடிந்தது. குளியலறைக் கதவைத் திறந்தேன். வாசலிலேயே சிரிப்பும் கும்மாளமுமாக நின்றவளின் முகம் வெளிறியது.

"ஐயையோ, அப்படியே உங்க அக்கா!"

என் அக்காவும் அவளும் பேசி மூன்று வருடமாகிறது.

சாப்பாட்டு மேசையில் அவள் தலையே நிமிரவில்லை. "ஏம்மா, உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்று அக்கா மாதிரியே இழுத்துக் கேட்டேன். அவளுக்குப் புரையேறியது.

"இது எப்பங்க திரும்ப முளைக்கும்?" என்றாள் பரிதாபமாக.

"தற்காலிகம்தான்" என்றேன். "நாளைக்கு சரி பண்ணிடுவேன்."